சிவப்புப் பொட்டும் மயில்கண்ணும்: தை மாதத்து பிஸ்கட்டுகள்

பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் ஜனவரி பிறந்தாலே இரண்டு நாட்காட்டிகளைப் பார்த்தாக வேண்டும். ஒன்று தைப்பூசத்துக்கு, மற்றொன்று சீனப் பெருநாளுக்கு. சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வருகிற அமாவாசையில் பிறக்கிறது. தைப்பூசம் தை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அதனால் எந்தத் திருநாள் முதலில் வரும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். 2025-இல் ஜனவரி 29 சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 11 தைப்பூசம். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதியே வந்துவிட்டது. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17-இல் வந்தது. 2023-இல் பிப்ரவரி 5-ஆம் தேதி தைப்பூசமும் சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவான சாப் கோ மேயும் ஒரே நாளில் அமைந்தன. அன்று மலையில் காவடி, எஸ்பிளனேட் கடற்கரையில் கன்னிப்பெண்கள் கடலில் ஆரஞ்சுப் பழம் வீசும் கொண்டாட்டம்.

இந்த அத்தியாயத்தில் உள்ள மூன்று பிஸ்கட்டுகளையும் இரண்டு திருநாட்களையும் மனத்தில் வைத்தே தேர்ந்தெடுத்தேன். எதிலும் முட்டை கிடையாது. காவடி எடுப்பவர், பால்குடம் எடுப்பவர் இருக்கிற வீட்டில் விரத நாட்களில் முட்டை ஓட்டை உடைக்க மாட்டோம். சீன வீடுகளிலும் புத்தாண்டின் முதல் நாள் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். முட்டையில்லாத பிஸ்கட்டை ஒரே நாளில் சுட்டு இரண்டு பக்கமும் தயங்காமல் கொடுக்கலாம். மலாய்க்கார அண்டைவீட்டுக்கும் போகும் என்றால் வெனிலா, சாயம், மேலே தூவும் சர்க்கரை மணிகள் எல்லாவற்றிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். சில சர்க்கரை மணிகளில் ஜெலட்டின் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டது சைவக்காரருக்கும் ஆகாது.

சீனர்கள் தங்கள் புத்தாண்டை வசந்த விழா என்கிறார்கள். வடக்கே பனி உருகும் காலத்தின் பெயர் அது. நம் தீவில் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆனால் சுடுகிறவர்களுக்கு இது நல்ல காலம். பினாங்கில் மழை மிகக் குறைவாகப் பெய்வது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான். தீபாவளி வருகிற அக்டோபர், நவம்பரில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும். அப்போது பிஸ்கட்டின் மேல் ஐசிங் போட்டால் இரவெல்லாம் மின்விசிறியில் வைத்தாலும் விரலில் ஒட்டும். தை மாதத்தில் அதே ஐசிங் ஒரே இரவில் ஓடு மாதிரி காய்ந்துவிடும். அலங்கார பிஸ்கட் பழக விரும்புகிறவர்களை நான் இந்த மாதத்தில்தான் தொடங்கச் சொல்வேன்.

வாங்க வேண்டியவை

மாவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுச் சமையல் புத்தகத்தில் மைதா என்று இருந்தால் நம் ஊரில் அது கோதுமை மாவு. அங்கே கோதுமை மாவு என்பதை நாம் ஆட்டா மாவு என்போம். இது தெரியாமல் ஆட்டா மாவில் பிஸ்கட் சுட்டு, தவிட்டு நிறத்தில் கெட்டியாக வந்துவிட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு. இந்த அத்தியாயத்தில் கோதுமை மாவு என்றால் ரொட்டி சானாய்க்குப் போடும் அந்த வெள்ளை மாவுதான்.

நெய் நல்லதாக இருக்க வேண்டும். நெய் பிஸ்கட்டில் நெய்யின் மணம்தான் முன்னால் நிற்கும். மட்டமான நெய்யை ஏலக்காய் போட்டு மறைக்க முடியாது. நம் வீடுகளில் தலைமுறையாகப் பழகிய கியூபிபி நெய்யைத்தான் நான் வாங்குகிறேன். லிட்டில் இந்தியாவில், கடைத்தெருப் பக்கம் மளிகைக்குப் போகும்போதே ஏலக்காயும் வாங்கிவிடுங்கள். பச்சையாக, நெரித்தால் உள்ளே கறுப்பு விதை பிசுபிசுப்பாக இருப்பதாகப் பாருங்கள். தூளாக விற்பது வேண்டாம்.

சிறிய தராசு ஒன்று அவசியம். கப் கணக்கில் மாவு அளந்தால் அழுத்தி அளப்பவருக்கு ஒரு கணக்கும், தளர அளப்பவருக்கு ஒரு கணக்கும் வரும். ஓவன் பெரியதாக இருக்கத் தேவையில்லை. மேசைமேல் வைக்கிற மின்சார ஓவன் போதும். ஆனால் அதன் குமிழில் எழுதியிருக்கிற வெப்பமும் உள்ளே இருக்கிற வெப்பமும் ஒன்றாக இருப்பதில்லை. ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள். பிறகு சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள். பெருநாள் நெருங்கும்போது இவை கடைகளில் தீர்ந்துவிடும். முன்கூட்டியே ஒரு கட்டு வாங்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்டு வையுங்கள்.

நெய் பிஸ்கட்

மலேசியாவில் சூஜி பிஸ்கட் என்றும் சொல்வார்கள். சூஜி என்றால் ரவை; இன்று பெரும்பாலான வீடுகளில் ரவையே போடாமல் கோதுமை மாவில்தான் செய்கிறோம், பெயர் மட்டும் நின்றுவிட்டது. வட இந்தியாவின் நான் கட்டாய்க்கு இது நெருங்கிய சொந்தம். வாயில் போட்டதும் கடிக்காமலே கரைய வேண்டும். அது கரையவில்லை என்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. எங்கே என்று கீழே சொல்கிறேன்.

கோதுமை மாவு 250 கிராம், நெய் 150 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, எட்டு ஏலக்காயின் பொடி.

நெய்யின் பதம்தான் இதில் பாதி வேலை. பினாங்கு வெயிலில் டின்னைத் திறந்தால் மேலே எண்ணெயாகவும் அடியில் மணல்மணலாகவும் இருக்கும். மேலே இருக்கிறதை மட்டும் ஊற்றினால் மாவு வழியும், பிஸ்கட் தட்டில் பரந்து அப்பளமாகிவிடும். டின்னை அடிவரை கலக்கி, 150 கிராமை அளந்து, குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம் வையுங்கள். விரலால் அழுத்தினால் முகத்துக்குப் பூசும் கிரீம் மாதிரி குழிய வேண்டும். அந்தப் பதத்தில் எடுத்து, ஐசிங் சீனியைச் சலித்துப் போட்டு, மரக்கரண்டியால் நிறம் வெளுக்கும்வரை அடியுங்கள். கையால் அடித்தால் ஐந்தாறு நிமிடம் ஆகும். மஞ்சள் நெய் சந்தன வெள்ளைக்கு மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

மாவு, உப்பு, சோடா உப்பு, ஏலக்காய்ப் பொடி நான்கையும் சேர்த்துச் சலித்து, மூன்று தடவையாக நெய்யில் போட்டு விரல்நுனியால் பிசறுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசையவே கூடாது. பிசைந்தால் மாவில் உள்ள பசை இழுத்துக்கொள்ளும், பிஸ்கட் கரையாமல் கடிபடும். நான் சொன்ன தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. பிசறியதைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி சேர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி நெய் சேர்க்கலாம். தண்ணீரோ பாலோ சேர்க்காதீர்கள்.

பத்து கிராம் அளவுக்கு உருட்டினால் ஐம்பது பிஸ்கட் வரும். முதல் ஐந்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். பிறகு கையே அளவைப் பழகிக்கொள்ளும். தட்டில் பேக்கிங் தாள் விரித்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். 160 டிகிரியில் முன்பே கால் மணி நேரம் சூடேற்றிய ஓவனில் 16 முதல் 18 நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்புங்கள். மேசை ஓவனில் பின்பக்கம் எப்போதும் சூடு அதிகம். பிஸ்கட்டின் மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்க வேண்டும். அடிப்பக்கம் மட்டும் லேசாகப் பொன்னிறம் பிடித்தால் எடுத்துவிடலாம். எடுத்தவுடன் தொடாதீர்கள். சூட்டில் அது மணல்வீடு மாதிரி சரிந்துவிடும். தட்டிலேயே பதினைந்து நிமிடம் இருந்து இறுகட்டும்.

இதற்கு ஒரு சிவப்புப் பொட்டு போதும், வேறு அலங்காரம் தேவையில்லை. சீன வீடுகளில் வெள்ளைப் பலகாரத்தின்மேல் சிவப்புப் பொட்டு வைப்பது மங்கலம். நமக்கு அது நெற்றிக் குங்குமம். ஒரு பீட்ரூட் துண்டைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றில் ஒரு தேக்கரண்டி எடுத்து, ஐசிங் சீனியைச் சிறிது சிறிதாகக் கலந்து கெட்டியாக்குங்கள். சாத்தே குச்சியின் மொட்டை முனையை அதில் தொட்டு, ஆறிய பிஸ்கட்டின் நடுவில் செங்குத்தாக ஒரு தடவை ஒற்றி எடுங்கள். சுடுவதற்கு முன்னால் வைத்தால் பீட்ரூட் நிறம் சூட்டில் செத்து, பழுப்பாகிவிடும். அதனால்தான் ஆறியபின் வைக்கச் சொல்கிறேன்.

அச்சில் வெட்டி ஐசிங் போடும் பிஸ்கட்

பிள்ளைகளை அடுக்களைக்குள் கூட்டிக்கொள்ள ஏற்றது இது. நெய் மாவு விரித்து வெட்ட ஒத்துழைக்காது, உடையும். அதனால் இங்கே வெண்ணெய். கோதுமை மாவு 230 கிராம், சோள மாவு 30 கிராம், வெண்ணெய் 150 கிராம், ஐசிங் சீனி 80 கிராம், பால் ஒரு மேசைக்கரண்டி. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். சோடா உப்பும் வேண்டாம். அது மேற்பரப்பை வீங்க வைக்கும், ஐசிங் சமமாக நிற்காது.

வெண்ணெயைத் துண்டாக்கி வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டுக்குக் கால் மணி நேரமே அதிகம். சீனியோடு குழைத்து, மாவுகளைச் சலித்துச் சேர்த்து, பாலைத் தெளித்து ஒன்றுசேருங்கள். இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் குழவியால் உருட்டித் தேயுங்கள். தாளோடு தட்டையாகவே குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம். பிறகுதான் அச்சு வைத்து வெட்ட வேண்டும். வெட்டியதை எடுக்கும்போது மாவு தொய்ந்தால் மறுபடி உள்ளே வையுங்கள், போராடாதீர்கள். 160 டிகிரி, 14 முதல் 16 நிமிடம், ஓரம் மட்டும் நிறம் பிடித்தால் போதும்.

என்ன வடிவம் வெட்டுவது? கடைகளில் நட்சத்திரம், இதயம், கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் கிடைக்கும். நம் திருநாளுக்கு இரண்டு வடிவம் போதும் என்பது என் எண்ணம். ஒன்று ஐந்திதழ்ப் பூ. சீனர்களுக்கு அது பிளம் மலர். பினாங்குக்காரர்களுக்கு அது தெக்கோமாவும் ஆகும். வெயில் காய்ந்தபின் சாலையோரத்தில் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்குமே, அந்த மரம். மற்றொன்று நீர்த்துளி வடிவம். அது மயில்பீலிக்கு. வேல் வடிவத்தில் பிஸ்கட் வெட்டலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிற வேலைக் கடித்துத் தின்ன எனக்கு மனம் வரவில்லை. மயில்பீலியில் அந்தச் சங்கடம் இல்லை.

ஐசிங்குக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதுதான் பலர் அறிந்த முறை. நாம் தண்ணீரில் செய்வோம். 150 கிராம் ஐசிங் சீனியைச் சலித்து, நான்கு தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் குழையுங்கள். பிறகு சொட்டுச் சொட்டாக. கரண்டியால் தூக்கி ஊற்றினால் விழுகிற கோடு பத்து எண்ணுவதற்குள் மறைந்து சமமாக வேண்டும். ஐந்திலேயே மறைந்தால் தண்ணீர் அதிகம், பிஸ்கட்டின் ஓரத்தில் வழியும்; இரண்டு தேக்கரண்டி சீனி சேருங்கள். பதினைந்து எண்ணியும் கோடு நின்றால் இரண்டு சொட்டுத் தண்ணீர்.

நிறங்கள் கொல்லைப்புறத்திலேயே இருக்கின்றன. பாண்டான் இலை நான்கை அரைத்துப் பிழிந்தால் பச்சை. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போட்டால் மஞ்சள். நீலத்துக்குச் சங்குப்பூ. நோன்யா என்கிற சீன-மலாய்ச் சமையலில் புலுட் தாய் தாய் என்ற ஒட்டரிசிப் பலகாரத்துக்கு நீலம் கொடுப்பது இதே பூதான். பத்துப் பூவை காம்பு கிள்ளி, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் மை போன்ற நீலம் இறங்கும். அந்தத் தண்ணீரிலேயே ஐசிங் குழைக்க வேண்டும். அதில் எலுமிச்சைச் சாறு ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்கிப் பாருங்கள். நீலம் கண்முன்னே ஊதாவாக மாறும். பிள்ளைகள் வியந்து நிற்கிற இடம் இது. பூவில் உள்ள நிறப்பொருள் புளிப்பைக் கண்டால் நிறம் மாறும் தன்மை கொண்டது. மயில்பீலிக்கு நீலம் வேண்டும், ஆகவே அந்தக் கிண்ணத்தின் பக்கம் எலுமிச்சை போகக் கூடாது. பூவுக்கு ஊதா வேண்டும் என்றால் சொட்டு விடுங்கள்.

மயில்கண் வரைவது சொல்வதற்குத்தான் நீளம். நான்கு நிறத்தையும் முன்பே குழைத்து, சின்னப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, நுனியில் ஊசி முனையளவு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். துளி வடிவ பிஸ்கட்டின் ஓரமாகப் பச்சையில் ஒரு கோடு இழுத்து, உள்ளே பச்சையாலேயே நிரப்புங்கள். பல்குச்சியால் மூலைகளுக்குத் தள்ளிவிட்டு, தட்டை மேசையில் ஒரு தடவை தட்டினால் மட்டமாகும். உடனே, அகன்ற பக்கத்தின் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, வெள்ளரி விதை அளவுக்கு. அதன்மேல் நீலப் பொட்டு, மஞ்சள் விளிம்பு தெரியும்படி. நீலத்தின் நடுவில் ஊதாவில் ஒரு புள்ளி. இப்போது பல்குச்சியைச் சுத்தமாகத் துடைத்து, மயில்கண்ணின் மேல்விளிம்பில் ஊன்றி, அடிப்பக்கக் கூர்முனையை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். வட்டங்கள் மூன்றும் இழுபட்டு இதய வடிவத்தில் உள்ளே குவியும். அதுதான் பீலியின் கண். இரண்டாவது தடவை இழுத்தால் நிறங்கள் குழம்பிவிடும், ஒன்றோடு நிறுத்துங்கள். முதல் நான்கைந்து கோணலாக வரும். ஆறாவதிலிருந்து கை படியும்.

காய எட்டு மணி நேரம், மின்விசிறிக்குக் கீழே. இரவில் வைத்தால் எறும்பு வரும். சீனியின் வாசனை அவற்றுக்குத் தெரியாமல் இருக்காது. மேசைக் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பாட்டிமார் பால் சட்டிக்குச் செய்த அதே உபாயம்தான்.

குவே பங்கிட்

நோன்யா வீடுகளின் பெருநாள் பலகாரம். வழக்கமாக முட்டை மஞ்சள்கரு சேர்ப்பார்கள். முட்டை இல்லாமல் செய்தால் பிஸ்கட் இன்னும் வெளுப்பாக, சற்றே உறுதியாக வரும். தேங்காய்ப்பால் மணம் முன்னே நிற்கும். மரவள்ளிக்கிழங்கு மாவு 400 கிராமை, நறுக்கிய பாண்டான் இலை நான்கோடு, அடிகனமான சட்டியில் மிகச் சிறு தீயில் அரை மணி முதல் நாற்பது நிமிடம் வறுங்கள். மாவின் நிறம் மாறாது. இலை மொறுமொறுப்பாகி, மாவு கரண்டியிலிருந்து புகை மாதிரி எழும்பினால் அதுதான் பதம். இலையை எடுத்துவிட்டு, மாவை ஒரு இரவு முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டோடு பால் விட்டால் கட்டி தட்டும். இந்த ஒரு இரவை யாரும் குறைக்க முடியாது.

மறுநாள் 150 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலில் 130 கிராம் சீனி போட்டு, கொதிக்கவிடாமல் கரைத்து ஆறவைத்து, 350 கிராம் மாவில் கரண்டி கரண்டியாக விட்டுச் சேருங்கள். மாவு கையில் சேர்ந்து நின்றால் பால் மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிடலாம். ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இது சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். மீன், செவ்வந்தி, பட்டாம்பூச்சி செதுக்கிய மரஅச்சுகளை சவ்ராஸ்தா பாசாரைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். குழியில் வறுத்த மிச்ச மாவைத் தூவித் தட்டிவிட்டு, பிசைந்ததை அழுத்தி, கத்தியின் முதுகால் வழித்து, அச்சைக் கவிழ்த்து மேசை விளிம்பில் ஓங்கித் தட்டுங்கள். மீன் செதிலோடு வந்து விழும். 150 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஆறியபின் மீனின் கண்ணுக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

போத்தலில் போடுவதும் கொடுப்பதும்

நான் சுடத் தொடங்கிய முதல் வருடம் அவசரத்தில் வெதுவெதுப்பான நெய் பிஸ்கட்டைப் போத்தலில் அடுக்கி மூடிவிட்டேன். காலையில் மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது; அடியில் இருந்தவை நமுத்துவிட்டன. மேல்மாடி சீன ஆண்டிக்கு என்று வைத்திருந்த போத்தல் அது. மறுபடி சுட்டுத்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கம்பித் தட்டில் ஆறியபின், ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, துளிச் சூடும் தெரியாவிட்டால்தான் அடுக்குகிறேன். கைவிரலைவிடக் கன்னம் சூட்டை நன்றாகக் காட்டும். நன்றாக ஆறி, காற்றுப் புகாமல் மூடினால் நெய் பிஸ்கட்டும் குவே பங்கிட்டும் மூன்று வாரம் தாங்கும். ஐசிங் போட்டது பத்து நாள். எனவே திருநாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு நெய் பிஸ்கட், அதன்பின் குவே பங்கிட், கடைசி நான்கு நாளில் மயில்கண் என்று வரிசை வைத்துக்கொண்டால் அடுக்களையில் நெரிசல் இருக்காது.

சீன வீட்டுக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நீலமும் வெள்ளையும் அவர்களுக்குத் துக்கத்தின் நிறம். ஆகவே மயில்கண் தட்டைத் தனியாக அனுப்பாமல், ஊதா, இளஞ்சிவப்புப் பூக்களோடும் சிவப்புப் பொட்டு வைத்தவற்றோடும் கலந்து அடுக்குங்கள். வெள்ளை ரிப்பன் கட்டாதீர்கள், சிவப்பு கட்டுங்கள். எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. நாம் மொய் வைத்தால் நூற்றொன்று என்று ஒற்றைப்படையில் வைப்போம். அவர்கள் நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையைத்தான் விரும்புவார்கள், ஆனால் நான்கு மட்டும் ஆகாது. அவர்கள் பேச்சில் நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும். எட்டு மிக நல்லது. ஒரு போத்தலோடு இரண்டு ஆரஞ்சுப் பழமும் வைத்து, இரண்டு கையாலும் நீட்டுங்கள். புத்தாண்டின் எட்டாம் இரவிலிருந்து ஒன்பதாம் நாள்வரை ஹொக்கியன் வீடுகளில் தீ கோங் என்கிற வானத்து இறைவனுக்குக் கரும்பு வைத்து வழிபாடு நடக்கும். நம் பொங்கலுக்கு வாசலில் கட்டிய அதே கரும்பு சில வாரம் கழித்து அவர்கள் வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஆசை. அந்த இரவு வீட்டார் வழிபாட்டு வேலையில் இருப்பார்கள், போத்தலை மறுநாள் கொண்டு போங்கள்.

தைப்பூசத்துக்குக் கொடுப்பது வேறு மாதிரி. முந்தின நாள் காலையில் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து, 1894 முதல் ஓடுகிற வெள்ளி ரதம் கிளம்பி, வழியெல்லாம் சிதறுதேங்காய் உடைபட, தண்ணீர்மலை நகரத்தார் கோவிலுக்கு வந்து சேரும். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. தேங்காய் உடைக்கிறவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று நின்று பார்த்தால் தெரியும். தண்ணீர்ப் பந்தலில் பிஸ்கட் கொடுக்க நினைத்தால் நெய் பிஸ்கட்டை மட்டும் எடுத்துப் போங்கள். இரண்டு இரண்டாகக் காகித உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். வெயிலில் ஐசிங் இளகும். குவே பங்கிட் வாய் உலர்ந்தவர் தொண்டையில் மாவாக அடைக்கும். மலைக்கோவிலுக்கு 513 படி ஏறிவிட்டு இறங்குகிறவர்களுக்கு முதலில் தண்ணீரோ மோரோ கொடுத்து, அதன்பின் பிஸ்கட் உறையை நீட்டுவது நல்லது. பிரசாதம் என்று சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் செய்யும்போதே சுவை பார்க்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். சுவை பார்க்கத் தனியாக ஒரு தட்டு சுட்டுக்கொள்ளலாம்.

உடைந்தவை எப்படியும் மிஞ்சும். நெய் பிஸ்கட் உடைசலைப் பொடித்து, வறுத்த நிலக்கடலைப் பொடி சமமாகச் சேர்த்து, சூடான நெய் ஒரு கரண்டி விட்டு உருண்டை பிடித்தால் மாலைத் தேநீருக்கு ஆகும். மரஅச்சைத் தண்ணீரில் போட்டுக் கழுவாதீர்கள். மரம் ஊதி, செதில் கோடுகள் அழிந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மாவைத் துடைத்தெடுத்து, ஒரு நாள் வெயிலில் காட்டி, நான்கு கிராம்போடு காகிதத்தில் சுற்றி மேல்தட்டில் வைத்தால் அடுத்த தை வரை வண்டு அரிக்காது.